சரக்கு வண்டிக்கு எதுக்கும்மா ரேஸ் கார் சத்தம்? - பழைய அமெரிக்க பிக்கப்பும் ஒரு கேம்ஷாஃப்ட்டும்!

நைட் ஷிஃப்ட்டில் ஷார்ட் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அமெரிக்காவில் ஏதோ ஒரு வீட்டு வாசல். 1970-களின் செவர்லே பிக்கப் ஒன்று நிற்கிறது. பானெட் திறந்திருக்கிறது, என்ஜின் ஓடுகிறது. ஆனால், ஒழுங்காக ஓடுகிற மாதிரி இல்லை. ‘டப்... டப்டப்... டப்’ என்று தடுமாறுகிறது. வண்டியே லேசாகக் குலுங்குகிறது. இதோ நின்றுவிடப்போகிறது என்று நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருக்க, பார்த்தவர்களோ ஹார்ட்டின்களாகப் பறக்கவிட்டிருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் என்ஜின் சந்தேகம் என்றால் மதுரைப் பெரியப்பாதான். 30 வருடம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். வீடியோவை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். காலையில் போன் வந்தது.

“ஏம்மா, இந்த வண்டியில ரெண்டு சிலிண்டர் சரியா அடிக்கலையே. இதையா ரசிக்கிறாங்க?”

“வேணும்னே அப்படிப் பண்ணியிருக்காங்க பெரியப்பா. கேம்ஷாஃப்ட்டை மாத்தியிருக்காங்களாம்.”

“அது பிக்கப் வண்டிதானே? சரக்கு ஏத்துற வண்டிக்கு எதுக்கும்மா அது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்தது ஜர்னலிசம் டிப்ளமோ. என்ஜின் பற்றித் தெரிந்ததெல்லாம் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போடுவது மட்டும்தான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப்போய் இரண்டு வாரம் ஓடிவிட்டது. தேடியதில் தெரிந்த முதல் விஷயம், பெரியப்பாவின் கேள்விதான் சரியான கேள்வி என்பது.

டவுன் பஸ்ஸின் இரண்டு வாசல்கள்

என்ஜினுக்குள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வாசல்கள். ஒன்றின் வழியாகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும். இன்னொன்றின் வழியாக எரிந்த புகை வெளியே போகும். இந்த வாசல்களின் கதவுகள்தான் வால்வுகள். எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு அகலமாகத் திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும்... இதை முடிவு செய்வது கேம்ஷாஃப்ட் என்ற ஒற்றை இரும்புத் தண்டு. அதன் உடம்பு முழுக்க முட்டை வடிவத்தில் புடைப்புகள் இருக்கும். அவற்றை ‘லோப்’ என்கிறார்கள். தண்டு சுற்றும்போது லோபின் மூக்கு மேலே வந்து கதவைத் தள்ளித் திறக்கும். மூக்கு நகர்ந்ததும் ஸ்பிரிங் கதவை மூடிவிடும்.

செவர்லேயின் பழைய வி-8 என்ஜினில் இந்தத் தண்டு என்ஜின் பிளாக்கின் நடுவில், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் இடையே படுத்திருக்கும். எட்டு சிலிண்டருக்கு 16 லோப்கள். லோபின் மேல் ஒரு டேப்பெட், டேப்பெட்டின் மேல் நீளமான ஒரு புஷ்ராட், அதற்கு மேல் ராக்கர், கடைசியில் வால்வ். “நம்ம பழைய அம்பாசடர் பெட்ரோல் என்ஜினும் அதே சங்கதிதான், அதுல நாலு சிலிண்டர்” என்றார் பெரியப்பா.

சரி, அந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது? நம்மூர் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பின்வாசலில் ஏற வேண்டும், முன்வாசலில் இறங்க வேண்டும். ரேஸ் என்ஜினுக்கான கேம்ஷாஃப்ட் இரண்டு கதவுகளையும் அதிக நேரம் திறந்துவைக்கும். என்ஜின் நிமிடத்துக்கு 5,000, 6,000 சுற்று சுற்றும்போது கூட்டம் முண்டியடித்து உள்ளே பாயும் என்பதால், கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு லாபம். ஆனால் அதே பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது? இரண்டு வாசலும் ஒரே சமயத்தில் திறந்திருப்பதால் இறங்க வேண்டியவர்கள் சிலர் உள்ளேயே மாட்டிக்கொள்கிறார்கள். ஏறியவர்கள் சிலர் கதவு மூடுவதற்குள் திரும்ப வெளியே தள்ளப்படுகிறார்கள். அதாவது, பழைய புகை புதிய காற்றோடு கலக்கிறது. உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதியை மேலேறும் பிஸ்டன் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரு முறை நன்றாக எரியும், அடுத்த முறை அரைகுறையாக எரியும். அதுதான் அந்த ‘டப்... டப்டப்’.

ஆக, பெரியப்பா சொன்னதில் தப்பே இல்லை. மெதுவான ஓட்டத்தில் அந்த என்ஜின் உண்மையிலேயே ஒழுங்காக அடிக்கவில்லை.

5.7 லிட்டர்... 160 குதிரை!

அப்புறம் ஏன் மாற்றுகிறார்கள்? அதற்கு அந்த வண்டிகளின் கதை தெரிய வேண்டும்.

செவர்லே இந்த ‘ஸ்மால் பிளாக்’ வி-8 என்ஜினை அறிமுகப்படுத்தியது 1955-ல். அதன் புகழ்பெற்ற வடிவமான 350 கன அங்குல என்ஜின், நம் கணக்கில் 5.7 லிட்டர், 1967-ல் கமரோ காரில் வந்தது. பிறகு பிக்கப்களுக்கும் போனது. 1970-களில் காற்று மாசு விதிகள் இறுகின. ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓட வேண்டும் என்பதற்காக, 1971 மாடலில் இருந்து ஜெனரல் மோட்டார்ஸ் தன் என்ஜின்களின் கம்ப்ரெஷனைக் குறைத்தது. பவரை அளக்கும் முறையும் அதே காலத்தில் மாறியது. எல்லாம் சேர்ந்து, 1970-களின் நடுவில் பிக்கப்பில் வந்த 350 என்ஜினின் பவர் காகிதத்தில் 160 குதிரைத்திறன் அளவில் வந்து நின்றது.

5.7 லிட்டருக்கு 160! இன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் கிரெட்டாவின் 1.5 லிட்டர் டர்போ என்ஜின் தருவதும் ஏறக்குறைய இதேதான். அப்பா விட்டுப்போன பிக்கப்பை அப்படியே வைத்திருக்கும் ஒருவருக்கு ‘இதுக்குள்ள இன்னும் பவர் இருக்கே’ என்று கை அரிக்காதா?

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் படித்தபோதுதான் எனக்கு இந்த விஷயத்தில் நிஜமான ஆர்வம் வந்தது. பலர் ஆசைக்காக கேம்ஷாஃப்ட்டை மாற்றவில்லை. அது தேய்ந்து போனதால் மாற்றினார்கள். லோபின் மூக்கு மழுங்கி வட்டமாகிவிட்டால் வால்வ் சரியாகத் திறக்காது. ஒரு சிலிண்டர் செத்த மாதிரிதான். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1980-ல் ஜெனரல் மோட்டார்ஸ் மீது நடவடிக்கை எடுத்தபோது சுட்டிக்காட்டிய பாகங்களில், 1974 முதல் தயாரான 305, 350 பெட்ரோல் என்ஜின்களின் கேம்ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் இருந்தன. 1983-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பாதிக்கப்பட்ட உரிமையாளர்கள் ஒவ்வொருவராக மத்தியஸ்தர் முன்பு போய் முறையிடலாம் என்று ஏற்பாடு. மொத்தமாக எல்லோருக்கும் இழப்பீடு என்றில்லை, கேட்டுப் போனவர்களுக்குத்தான். கேட்காதவர்கள் சொந்தக் காசில் பிரித்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். நாடு எதுவானாலும் நுகர்வோர் கதை ஒன்றுபோலத்தான் இருக்கிறது!

எது ‘பெரிய’ கேம்?

கேம்ஷாஃப்ட் விற்பவர்களின் பட்டியலில் இரண்டு எண்களைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். ஒன்று லிஃப்ட், கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பது. இன்னொன்று டியூரேஷன், எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. நேரத்தை நொடியில் சொல்வதில்லை. என்ஜினின் கிராங்க் எத்தனை டிகிரி சுற்றும் வரை என்று சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் 350 என்ஜின்களில் பரவலாக வந்த ஒரு கம்பெனி கேம்ஷாஃப்ட்டை ரசிகர்கள் அதன் பார்ட் நம்பரின் கடைசி மூன்று இலக்கங்களைவைத்து ‘929’ என்றே அழைக்கிறார்கள். அதன் டியூரேஷன் உள்வாசலுக்கு 195 டிகிரி, வெளிவாசலுக்கு 202 டிகிரி. திறப்பு சுமார் 10 மில்லிமீட்டர். வண்டி வேலைக்கு ஏற்ற மாற்றாக எடெல்பிராக் நிறுவனம் விற்கும் ஒரு கேம்ஷாஃப்ட்டின் அளவு 204, 214 டிகிரி. திறப்பு சுமார் 11 மில்லிமீட்டர். அவ்வளவுதான் வித்தியாசம்! பத்துப் பன்னிரண்டு டிகிரி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த ரகத்துக்கு ‘ஆர்.வி. கேம்’ என்று பட்டப்பெயர். வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர்சுற்றும் வண்டிகளுக்கானது என்பதால் வந்த பெயர். இதைப் போட்டால் வீடியோவில் வரும் அந்தத் தடுமாற்றச் சத்தம் வராது. யாரும் ஹார்ட்டின் போட மாட்டார்கள். ஆனால், ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறும்போது வித்தியாசம் தெரியும்.

சத்தத்துக்காக 230 டிகிரியைத் தொடும் கேம்ஷாஃப்ட்டைப் போட்டால் என்ன ஆகும்? கம்ப்ரெஷன் குறைவான பிக்கப் என்ஜினில், உள்வாசல் தாமதமாக மூடுவதால் இருக்கிற கொஞ்சநஞ்ச அழுத்தமும் கசிந்துவிடும். கீழ்ச்சுற்றில் இழுவை செத்துப்போகும். சரக்கு வண்டிக்கு வேலையே அங்கேதானே? அதோடு, இந்தப் பிக்கப்களில் பல, ஹைவேயில் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று பின் ஆக்ஸிலில் 2.73, 3.08 போன்ற கியர் விகிதங்களோடு வந்தவை. அதாவது வண்டி வேகமாகப் போகும்போதும் என்ஜின் மெதுவாகத்தான் சுற்றும். புது கேம்ஷாஃப்ட்டோ ‘மூவாயிரத்துக்கு மேல வா, என் வேலையைக் காட்டுறேன்’ என்கிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை. பிறகு கியரை மாற்று, ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் டார்க் கன்வெர்ட்டரை மாற்று, கார்புரேட்டரை மாற்று என்று செலவு இழுத்துக்கொண்டே போகும்.

செலவைவிடக் கவலைப்பட வேண்டியது பிரேக். பவர் பிரேக்குக்கு உதவுவது என்ஜின் உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம். பெரிய கேம்ஷாஃப்ட் போட்டால் ஐடிலிங்கில் அந்த வெற்றிடம் குறைந்துவிடும். சிக்னலில் மெதுவாக உருண்டு வந்து பிரேக்கை மிதித்தால் பெடல் கட்டைபோல இருக்கும். இரண்டு டன்னை நெருங்கும் வண்டி! இந்த ஒரு விஷயத்தை அந்த வீடியோவில் ஒருவர்கூடப் பேசவில்லை.

சட்டமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல் பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. அதற்குப் பிந்தைய பழைய வண்டிகளில், மாநிலத்தின் காற்று வள வாரியம் அனுமதி எண் கொடுத்த கேம்ஷாஃப்ட்டைத்தான் போடலாம். (நம் நாட்டில் கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தராது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்திருக்கிறது. வீடியோவைப் பார்த்து உற்சாகமாகும் தம்பிகள் கவனிக்க!)

ரேடியேட்டரில் தொடங்கி...

மாற்றும் வேலை ஒரு வார இறுதியில் முடியக்கூடியது என்கிறார்கள். ஆனால் பிரிப்பதைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. தண்டு முன்பக்கமாகத்தான் வெளியே வரும் என்பதால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், கிராங்க் முன்னால் இருக்கும் பேலன்சர், டைமிங் கவர் எல்லாம் கழற்ற வேண்டும். மேலே இன்டேக் மேனிஃபோல்டு, டிஸ்ட்ரிபியூட்டர், ராக்கர், 16 புஷ்ராட், 16 டேப்பெட். இத்தனையும் போன பிறகு, நீளமான தண்டை உள்ளே இருக்கும் ஐந்து பேரிங்குகளில் உரசாமல் உருவ வேண்டும். முனையில் நீண்ட போல்ட்டுகளைத் திருகிக் கைப்பிடிபோல் பிடித்துக்கொண்டு, பிறந்த குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குவதுபோல் மெதுவாக...

டைமிங் செயினையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுவார்கள். இரண்டு பல்சக்கரங்களிலும் ஒவ்வொரு புள்ளி இருக்கும். புள்ளிகள் எதிரெதிரே வரும்படி செயினை மாட்ட வேண்டும். இங்கேதான் பழகிய கைகளே ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. புள்ளிகள் அப்படி எதிரெதிரே நிற்கும்போது எரிய வேண்டியது முதல் சிலிண்டர் அல்ல, ஆறாவது. இந்த என்ஜினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. கிராங்க்கை இன்னொரு முழுச் சுற்று சுற்றினால்தான் முதல் சிலிண்டரின் முறை வரும். இதைக் கவனிக்காமல் முதல் சிலிண்டருக்கு என்று டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டினால் தீப்பொறி முழுக்கத் தப்பான நேரத்தில் வரும். ஸ்டார்ட்டரை எவ்வளவு நேரம் அமுக்கினாலும் வண்டி கிளம்பாது.

கிளம்பாவிட்டால் கழற்றி மாட்டலாம்தானே, அதில் என்ன பெரிய ஆபத்து என்று நானும் கேட்டேன்.

உயிர்போகும் 20 நிமிடங்கள்

1980-களின் நடுப்பகுதி வரை வந்த இந்த என்ஜின்களில் இருப்பது ‘ஃப்ளாட் டேப்பெட்’. பெயர்தான் தட்டை. உண்மையில் டேப்பெட்டின் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குவிந்திருக்கும். லோபின் முகமும் மயிரிழை சரிந்திருக்கும். இந்தச் சின்னக் கோணலால், லோப் தேய்த்துக்கொண்டு போகும்போது டேப்பெட் தன்னைத்தானே பம்பரம்போலச் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்டே இருந்தால் தேய்மானம் ஓரிடத்தில் விழாது. சுற்றுவது நின்றுவிட்டால், இரும்பும் இரும்பும் ஒரே இடத்தில் உரசி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே லோபின் மூக்கு அரைபட்டுவிடும். அரைபட்ட இரும்புத் தூள் ஆயிலோடு கலந்து என்ஜின் முழுக்கப் போகும். ஒரு கேம்ஷாஃப்ட் மாற்றப்போய் மொத்த என்ஜினையும் பிரிக்க வேண்டியதாகிவிடும்.

புது லோபும் புது டேப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகுவது முதல் 20, 30 நிமிடங்களில்தான். பழைய டேப்பெட்டைப் புது கேம்ஷாஃப்ட்டில் போடவே கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அது ஏற்கெனவே வேறொரு லோபோடு குடித்தனம் நடத்திப் பழகியது. லோப்களின் மேல் தடவும் கருப்பு மசகுப் பசைதான் முதல் சில நொடிகளுக்குப் பாதுகாப்பு. கிளம்பாத வண்டியை ஸ்டார்ட்டரால் சுற்றிக்கொண்டே இருந்தால் அந்தப் பசை வழித்துக்கொண்டு போய்விடும். இப்போது புரிகிறதா, டிஸ்ட்ரிபியூட்டரைத் தப்பாக மாட்டினால் என்ன நடக்கும் என்று?

அதனால், சாவியைத் திருப்புவதற்கு முன் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர், கார்புரேட்டரில் பெட்ரோல், ஏறக்குறைய சரியான டைமிங். டிரில் மெஷினில் ஒரு தண்டை மாட்டி ஆயில் பம்ப்பைச் சுற்றி, என்ஜின் முழுக்க ஆயிலை ஏற்றிவைக்கிறார்கள். கிளம்பியதும் ஐடிலிங்கில் விடவே கூடாது. நேராக 2,000 முதல் 2,500 சுற்று. லோப்களுக்கு ஆயில் போவது பெரும்பாலும் கிராங்க் சுற்றும்போது வாரியிறைக்கும் தெறிப்பில்தான். மெதுவாக ஓடினால் தெறிப்பு போதாது. சுற்றைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடவிட வேண்டும். கடினமான இரட்டை வால்வ் ஸ்பிரிங் போட்டவர்கள், அழுத்தம் குறையட்டும் என்று உள் ஸ்பிரிங்கை மட்டும் அந்த 20 நிமிடத்துக்குக் கழற்றிவைப்பதும் உண்டு.

இவ்வளவும் செய்தும் கோட்டைவிடும் இன்னொரு இடம் ஆயில். துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மம் பல பத்தாண்டுகளாக என்ஜின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுத்துவந்தது. ஆனால், பாஸ்பரஸ் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதனால் அதன் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2004-ல் வந்த ‘எஸ்.எம்.’ தரத்தில், 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற ஆயில்களுக்கு பாஸ்பரஸ் உச்சவரம்பு 0.08 சதவிகிதம். ரோலர் வைத்த புது என்ஜின்களுக்கு அது போதும். 50 வருட ஃப்ளாட் டேப்பெட்டின் முதல் 20 நிமிடத்துக்குப் போதாது. கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த புது ஆயிலை வாங்கி ஊற்றி, புது கேம்ஷாஃப்ட்டைக் கொன்றவர்கள் இருக்கிறார்கள். இதற்கென்றே துத்தநாகம் கூடுதலாகச் சேர்த்த ‘பிரேக்-இன்’ ஆயில் தனியாக விற்கிறது. அதைத்தான் ஊற்ற வேண்டும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் அடியில் உருளை வைத்த ரோலர் டேப்பெட்டுக்கு மாறுகிறார்கள். செவர்லேயே 1987-ல் கார்களின் ஸ்மால் பிளாக்கில் ரோலரைக் கொண்டுவந்துவிட்டது. பிக்கப்களின் 350-க்கு அது வர 1996 ஆனது. பழைய பிளாக்கில் ரோலர் மாட்ட செலவு அதிகம். எனக்கென்னவோ, அந்தக் கூடுதல் செலவு நிம்மதிக்கான விலை என்றே தோன்றியது.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் ஒப்பித்தேன். நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அந்த 20 நிமிஷம் ஓடி முடிஞ்சதும் உடனே ஆயிலை மாத்துறாங்களா?”

“மாத்துறாங்க பெரியப்பா. ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கிற காகித மடிப்பைப் பிரிச்சு, காந்தத்தை வெச்சுப் பார்க்கிறாங்க. லேசான தூள்னா சரி. மினுமினுன்னு இரும்புத் துகள் ஒட்டிச்சுன்னா திரும்ப முதல்லேருந்து பிரிக்கணும்.”

“அதைப் பண்றானா, அப்ப வேலை தெரிஞ்சவன்தான்” என்றார். பிறகு, “அந்த வீடியோவுல இருந்தவன் அறுத்துப் பார்த்தானாம்மா?”

திரும்பவும் அந்த வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தேன். 40 நொடி. வண்டி குலுங்கிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடுகிறது.